நோகாத கால்

சித்தாண்டி
30.08.2009

தாதி உத்தியோகத்தர் உசாந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாலரை வருடங்களுக்குப் பிறகு அக்காவின் புருசனுடைய விலாசம் ஞாபகம் வந்ததற்கு நன்றி.

யுத்தம் முடிந்துவிட்டது, பாதைகள் திறந்துவிட்டன, இனிச் சனம் பயமில்லாமல் நடக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சீனி வருத்தத்தாலும் மிதிவெடியாலும் கால் பழுதானவர்களுக்கு விசேட செருப்புச் செய்து கொடுப்பதற்காக, வருகிற மாசியில் கல்லடிப் பாலத்திலிருந்து ஒரு நிதி நடை வைக்கப்போகிறீர்கள். அதற்குச் 'சின்னத்தங்கம் ஞாபகார்த்த நடை' என்று பெயரிட என் சம்மதம் வேண்டும்.

சம்மதம் இல்லை.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். தங்கத்துக்குச் சீனி என்று கண்டபோது அவளை நடக்கச் சொன்னது யார்? குளிசை மட்டும் காணாது, விடிய எழும்பி நாவலடிக் கரையோரமாக நடக்க வேண்டும் என்று தலையில் ஏற்றியது யார்? தங்கை தாதி, அவள் சொன்னால் வேதவாக்கு. இரண்டு வருடம் நடந்தாள். 2004 மார்கழி இருபத்தாறும் நடக்கத்தான் போனாள். கடல் எங்கள் வாசற்படி வரை வந்து திரும்பிவிட்டது. உள்ளே இருந்து விடைத்தாள் திருத்தியவன் இருக்கிறேன். நடந்தவள் இல்லை. நடை ஆரோக்கியம் என்கிறீர்கள். என் வீட்டில் நடக்காதவன்தான் மிஞ்சினான்.

என் உடம்பையும் விசாரித்திருக்கிறீர்கள். மூன்று வருடங்களுக்கு முன் எனக்கும் சீனி என்று ஒரு டொக்டர் சொன்னார். குளிசை தந்தார், நடக்கவும் சொன்னார். அந்தச் சொல்லோடு அந்தக் கிளினிக்குக்கு முழுக்குப் போட்டேன்.

இந்த ஆடியில் இங்கே காளி கோயிலில் தீ மிதித்தேன். கணக்கு வாத்தியாரும் தீக்குழியில் இறங்குகிறார் என்று என்னிடம் படித்தவர்களே சிரித்தார்கள். யுத்தம் முடிந்த வருடம், ஊரே இறங்கியது, நானும் இறங்கினேன். எனக்கு முன்னே போன இளைஞர்கள் துள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான் நடந்தேன். சுடவே இல்லை. ஆறிய சாம்பலில் நடந்த மாதிரி இருந்தது. பூசாரி என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "வாத்தியாரில அம்மாள் இறங்கி நிண்டவ" என்றார். சின்னவிரலடியில் சிறிய புண் ஒன்று மட்டும் உண்டு. அதுவும் நோவே இல்லை. ஆகவே என் கால்களைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

க. சீனித்தம்பி


வவுனியா
11.09.2009

அன்புள்ள அத்தான்,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அக்காவைக் கலியாணம் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. "இஞ்ச வா, பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்லு" என்று காதைத் திருகிய ஆள் நீங்கள். அந்தத் திருகலைவிட இந்த மரியாதை நோகிறது.

பெயர் விஷயத்தை விடுவோம். உங்கள் சம்மதம் இல்லாமல் அக்காவின் பெயரைப் போடமாட்டேன். உங்கள் கடிதத்தில் ஒரு வசனத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். 'அதுவும் நோவே இல்லை.'

அத்தான், தீ எல்லாரையும் சுடும். சீனி கூடிப்போனால் காலில் இருக்கிற நரம்பு மெல்ல மெல்லச் சாகும். பிறகு ஆணி ஏறினாலும் தெரியாது, நெருப்பு எரித்தாலும் தெரியாது. அம்மாள் இறங்கியிருக்கலாம், நான் மறுக்கவில்லை, நானும் அவளுக்கு நேர்ந்துகொள்கிறவள்தான். ஆனால் அம்மாள் காப்பாற்றிய காலில் ஆடியில் வந்த புண் ஆவணி முடிந்தும் ஆறாமல் இருக்காது. முன்னால் போனவர்கள் துள்ளினார்களே, அவர்களுக்குத்தான் கால் நன்றாக இருக்கிறது.

மே மாதத்திலிருந்து என்னை இங்கே போட்டிருக்கிறார்கள். முகாமிலிருந்து வருகிற காயக்காரரைப் பார்க்கிறேன். ஒரு பெண், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. "இல்லாத கால் நோகுது மிஸ்" என்று அழுகிறாள். உங்களுக்கோ இருக்கிற கால் நோகவில்லை. இரண்டில் எனக்குப் பயம் தருவது உங்களுடையதுதான்.

தயவுசெய்து முகம் பார்க்கிற கண்ணாடியை நிலத்தில் வைத்து, உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு திரிய வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொலைபேசியில் சொல்லலாம், என் குரலைக் கேட்டதும் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள்.

உங்கள்
உசாந்தி


சித்தாண்டி
25.09.2009

உசாந்தி அவர்களுக்கு,

கண்ணாடி பார்க்கிற வயது எனக்குப் போய்விட்டது.

முப்பது வருடம் படிப்பித்தவனுக்குப் பாடம் எடுக்க ஆள் குறைவில்லை. அதிபர் பதவிக்கு என்னைத் தாண்டி என் மாணவனையே போட்டபோது கல்விக் கந்தோரில் ஒருவர் எனக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் எடுத்தார். இப்போது நீங்கள் காலைப் பற்றி எடுக்கிறீர்கள்.

நீங்கள் மறந்த ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். கல்லடி வீடு உங்கள் அம்மா தங்கத்துக்குச் சீதனமாகக் கொடுத்தது. பிள்ளை இல்லாதவன், பெண்சாதி போனபிறகு அந்த வீட்டில் இருக்க நம் பகுதி வழக்கத்தில் நியாயம் இல்லை. அது தங்கைக்குத்தான் சேரும். எனக்கு அது தெரியும். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். நீங்கள் போங்கள் என்று சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை. வாசலில் நின்று பார்த்தீர்கள்.

அன்றிலிருந்து தம்பி இளையதம்பியின் வீட்டு ஓரத்து அறை என்னுடையது. பின்னால் வயல் வட்டை. வரம்பில் வெறுங்காலோடு நடந்துதான் வயலைப் பார்க்கிறேன். இந்த மண்ணில் செருப்போடு வயலுக்குள் இறங்கியவன் எவனும் இல்லை.

புண் அப்படியேதான் இருக்கிறது. நோவில்லாத புண்ணுக்கு மருந்து கட்டுவது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. இப்போது எனக்கிருக்கிற பிரச்சினை வேறு. மூன்று நாளாக அறைக்குள் எலி செத்த மணம். தம்பியின் பெண்சாதி அலுமாரியை நகர்த்தினாள், ஓட்டைக்கூடக் கழற்றிப் பார்த்தாள். எலி கிடைக்கவில்லை. வெளியில் கொஞ்ச நேரம் இருந்தால் அங்கேயும் மணக்கிறது.

இனி எழுத வேண்டாம்.

க. சீனித்தம்பி


வவுனியா
01.10.2009

அத்தான்,

அது எலி இல்லை.

உங்கள் கடிதத்தை வாசித்த உடனேயே இளையதம்பி அண்ணனுக்கு அழைப்பு எடுத்தேன். வயலில் இருந்தவரைக் கூப்பிட்டு, உங்களை அள்ளிக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். உங்கள் காலைப் பார்த்துவிட்டு அவர் திரும்ப எடுத்தபோது அழுதார். இந்தக் கடிதம் ஆஸ்பத்திரி வாட்டுக்குத்தான் வரும். திட்டுவதென்றால் அங்கே இருந்து திட்டுங்கள்.

படுத்திருக்கும்போது ஒரு கணக்குச் செய்து பாருங்கள். அக்கா நடக்கப் போவது விடிய ஐந்தரைக்கு. ஆறரைக்கு நடை முடியும். அதற்குமேல் வெயில், அவளுக்குத் தலை சுற்றும். கடல் வந்தது ஒன்பது மணிக்குக் கிட்ட. நீங்கள் கணக்கு வாத்தியார் அத்தான். ஒருநாளாவது கழித்துப் பார்க்கவில்லையா?

அவள் அங்கே நின்றது நான் சொன்ன நடைக்காக இல்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் நடை முடிந்ததும் அவள் கரைவலை இழுக்கப் போய்விடுவாள். ஓம், உங்கள் பெண்சாதிதான். நாவலடிப் பெண்களோடு கயிற்றின் கடைசியில் நின்று இழுப்பாள். வலை ஏறினதும் அவர்களோடு சேர்த்து அவளுக்கும் ஒரு பங்கு மீன் கொடுப்பார்கள். அந்த வருடம் புரட்டாதியில் ஒரு லீவுக்கு வந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வியர்த்து, அந்தப் பெண்கள் சொன்ன பகிடிக்குக் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. மார்கழி என்றாலும் அந்தக் கிழமை கடல் அடங்கியிருந்ததாம், வலை போட்டார்களாம். தப்பின ஒரு பெண் சொன்னாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் அக்கா என்னிடம் சத்தியம் வாங்கினாள். "அவருக்குச் சொல்லிப்போடாத புள்ள. வாத்தியார்ட பெண்சாதி கரையில நிண்டு வலை இழுக்கிறாள் எண்டு தெரிஞ்சா மனிசன் வெக்கத்தில பள்ளிக்கூடம் போகமாட்டார்" என்றாள்.

அந்த முப்பத்தோராம் நாள் 'இருங்கள் அத்தான்' என்று சொல்லத்தான் வாசலுக்கு வந்தேன். சூட்கேசை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, "நீ நடக்கச் சொன்னாய், அவள் நடந்தாள்" என்றீர்கள்.

உசாந்தி


மட்டக்களப்பு, ஏழாம் வாட்டு
28.10.2009

உசாந்தி,

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சின்னவிரலும் பக்கத்து விரலும், இடது காலில். இன்னும் இரண்டு கிழமை பிந்தியிருந்தால் முழங்காலோடு என்று டொக்டர் சொன்னார். சின்ன வயது டொக்டர், என்னிடம் படிக்காதவர், அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வெட்டியபோதும் நோகவில்லை. அது மருந்தினால் என்று சொல்லுகிறார்கள். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கட்டிலில் தொங்குகிற பெயர் ரிக்கெற்றைப் பார்த்துவிட்டு வாட்டில் வேலை செய்கிற ஒருவன், "சீனித்தம்பிக்கே சீனியா?" என்றான். வாட்டே சிரித்தது. முதல்நாள் அவனைப் பற்றி மேலிடத்துக்கு எழுத நினைத்தேன். மூன்றாம் நாள் நானும் சிரித்துவிட்டேன். கோபத்தை இழுத்துப் பிடிக்க உடம்பில் சத்து வேண்டும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நீ கொடுத்த கழித்தலைச் செய்தேன். விடை இரண்டரை மணித்தியாலம். கழிக்கத் தெரியாமல் இல்லை. கழித்தால் அந்த இரண்டரை மணித்தியாலம் அவள் எங்கே என்ற கேள்வி வரும். உன்மேல் கோபப்படுவது அதைவிட லேசாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மீனை நினைத்துக்கொண்டே கிடக்கிறேன். சூடை, நெத்தலி, பாரைக்குஞ்சு, ஒரு இறால், எல்லாம் கலந்து கிடக்கும். "என்ன, மீன்காரன் எல்லாத்தையும் கலந்து தாறான்?" என்று கேட்பேன். "அவன் அப்பிடித்தான் தாறான்" என்பாள். விற்கிறவன் இனம் பிரித்து விற்பான், பங்குமீன்தான் கலந்து வரும் என்பது கடற்கரையில் அத்தனை வருடம் இருந்த எனக்குத் தோன்றவில்லை. அவள் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. உலக்கை பிடித்த கை என்று நினைத்தேன். அவளுக்குச் சீனி இறங்கியதையும், இரவில் நல்லாய் நித்திரை கொண்டதையும் கண்டேன். குளிசை வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

வெட்கப்பட்டிருப்பேனா என்று யோசித்தேன். பட்டிருப்பேன். அவள் என்னைச் சரியாகத்தான் கணக்குப் பண்ணியிருக்கிறாள்.

பெயரைப் போடு. ஆனால் 'ஞாபகார்த்தம்' வேண்டாம். அந்தச் சொல்லைப் பார்த்தாலே சனம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரும். 'சின்னத்தங்கம் நடை' என்று மட்டும் போடு. அவள் நடந்தாள், அவ்வளவுதான்.

உன் அத்தான்


வவுனியா
24.01.2010

அன்புள்ள அத்தான்,

'நீ' என்று எழுதிய அந்தக் கடிதத்தை உடுப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு இடி. மாசி நடைக்கு எனக்கு லீவு இல்லை என்றுவிட்டார்கள். என்னோடு நின்ற இரண்டு பேருக்கு இடமாற்றம், வாட்டை விட்டு அசைய முடியாது. துண்டுப்பிரசுரம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. சித்தாண்டி, கிரான், வந்தாறுமூலைப் பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். ஏறாவூரில் செருப்புக்கடை வைத்திருக்கிற ஹமீட் நானா தண்ணீர், பந்தல் எல்லாம் பார்த்துக்கொள்வார். செருப்புத் தைப்பிப்பதற்கும் அவர்தான் ஒழுங்கு. ஆனால் அவர் பேசமாட்டார், மைக்கைக் கண்டால் ஓடிவிடுவார். நடையைத் தொடக்கிவைக்க ஒரு ஆள் வேண்டும்.

உங்களைத்தான் கேட்கிறேன். நடக்கச் சொல்லவில்லை, இனி யாரையும் நடக்கச் சொல்லப் பயமாக இருக்கிறது. நின்றால் போதும்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது என்று இளையதம்பி அண்ணன் சொன்னார். தைத்துக் கொடுத்த செருப்போடு அறையிலிருந்து கிணற்றடி வரை, பிறகு வாசல் படலை வரை, களைத்தால் இருந்துவிட்டு, பிறகு கொஞ்சம். ஒவ்வொரு நாளும். சோற்றைப் பாதியாக்கிக் கீரையைக் கூட்டுங்கள். படுக்கப் போகுமுன் காலைப் பாருங்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை அத்தான், பல் தீட்டுகிற மாதிரித்தான்.

இன்னொன்று. கல்லடி வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். வீடு இந்த ஐந்து வருடமும் பூட்டித்தான் கிடக்கிறது, வாடகைக்கும் விடவில்லை. வழக்கம் என்னவென்று எனக்கும் தெரியும். வீடு எனக்கு என்றால், அதில் யார் இருப்பது என்று சொல்லுகிற உரிமையும் எனக்குத்தானே?

இருங்கள், அத்தான்.

உங்கள்
உசாந்தி


கல்லடி
22.02.2010

அன்புள்ள உசாந்தி,

நேற்று நடை நடந்தது. நீ இல்லாததால் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

விடிய முதலே பாலத்தடியில் சனம் கூடிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், வயல்காரர், காத்தான்குடியிலிருந்து ஒரு பஸ் நிறையப் பெண்கள். நான் ஹமீடோடு பந்தலில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு குவியல். செருப்புக் குவியல். சித்தாண்டி ஆட்கள் பஸ்ஸால் இறங்கியதும் செருப்பைக் கழற்றி அங்கே விட்டிருக்கிறார்கள். அதைக் கண்டு கிரான் ஆட்களும் விட்டார்கள். நேர்த்தி வைத்துக் கோயிலுக்கு நடக்கிறவர்கள் அல்லவா, நல்ல காரியத்துக்கு நடப்பதென்றால் வெறுங்கால்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் கழற்றினார்கள்.

ஹமீட் அந்தக் குவியலைப் பார்த்தபடி நின்றார். "சேர், நாம செருப்புக்குத்தானே காசு சேர்க்கிறம்?" என்று மெல்லக் கேட்டார். பிறகு, "எண்ட யாவாரத்துக்கு இது நல்ல சகுனமாத் தெரியல்ல" என்றார்.

நான் மைக்கை எடுத்துச் செருப்பைப் போடுங்கள் என்றேன். யாரும் கேட்கவில்லை. ஒரு மனிசி, என்னுடைய வயது இருக்கும், "நாங்க பிறந்ததில இருந்து வெறுங்காலோட நடக்கிறம் வாத்தியார், எங்களுக்கு ஒண்டும் செய்யாது" என்றாள். நான் உனக்கு எழுதிய அதே நியாயம். சொன்னவிதம்கூட அதே மாதிரி, தலையை நிமிர்த்திக்கொண்டு.

எழுதி வைத்திருந்த பேச்சு சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. கதிரையில் இருந்து இடது செருப்பைக் கழற்றி, காலை அவர்கள் பார்க்கத் தூக்கிக் காட்டினேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சப்பாத்துப் போட்டு மறைத்த கால். என்னிடம் படித்தவர்கள் பலர் முன்னால் நின்றார்கள். என்னைத் தாண்டி அதிபரானவனும் நின்றான்.

"இது தீயில சுடாத கால்" என்றேன். "ஆடியில நான் தீ மிதிச்சதைப் பார்த்த ஆக்கள் இதுக்குள்ள நிக்கிறீங்க. சுடல்ல எண்டு பெருமைப்பட்டன். காலுக்கு உசிர் இல்ல, அதாலதான் சுடல்ல. உங்கட காலில உசிர் இருக்கா எண்டு தெரியாம வெறுங்காலோட நடக்காதீங்க."

அவ்வளவுதான் பேசினேன். அந்த மனிசிதான் முதலில் குவியலுக்குப் போனாள். பிறகு எல்லாரும் ஒரேயடியாகப் பாய்ந்தார்கள். ஒருவர் செருப்பை ஒருவர் மாறிப் போட்டு, வலதை இடதில் மாட்டி, ஒரே பகிடி. நடை பிந்தித்தான் தொடங்கியது. அந்த அதிபர் வந்து என் காலுக்குச் செருப்பை மாட்டிவிட்டான். அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆனால் குனிந்து மாட்டினான்.

பாலத்தை நானும் நடந்து கடந்தேன். கடந்ததும் ஹமீட் என்னை ஓட்டோவில் ஏற்றிவிட்டார். நடை முடிகிற இடம் நாவலடிக் கரை என்று நீ போட்டிருந்தாய். வேண்டுமென்றே போட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்தக் கடலைப் பார்த்தேன். அது ஒன்றும் தெரியாத மாதிரிக் கிடந்தது. கொஞ்சத் தூரத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். போனேன். "நானும் பிடிக்கட்டா?" என்று கேட்டேன். எனக்கு முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்து, "வலையடிக்குச் செருப்போட வாறதில்ல, கழட்டிப்போட்டு வாங்க" என்றான். கழற்றமாட்டேன், டொக்டர் ஏசுவார் என்றேன். அவன் என் வெள்ளைச் சட்டையையும் செருப்பையும் மாறிமாறிப் பார்த்தான். "அப்ப கடைசியில நில்லுங்க, காய்ஞ்ச மணலில. செருப்போட வலை இழுக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்" என்றான். அவனுக்குத் தங்கத்தைத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கயிற்றின் கடைசி எனக்குப் போதுமாக இருந்தது.

வலை ஏறியதும் ஒரு பையில் பங்கு தந்தார்கள். சூடை, நெத்தலி, ஒரு பாரைக்குஞ்சு. எல்லாம் கலந்துதான் கிடந்தது.

பக்கத்து வீட்டில் திறப்பை வாங்கி இந்த வீட்டைத் திறந்தேன். மீனை நானே கழுவினேன். ஒரு பங்கு அவியலுக்குப் போட்டேன், சோறு பாதிதான், நீ பயப்படாதே. மற்றதை உப்புப் போட்டு உனக்கென்று காயவைத்திருக்கிறேன். லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் லீவு தராதவரின் பெயரை எழுதி அனுப்பு, ஒரு முறைப்பாடு எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது.

ஆனால் இன்றைக்கு எழுத முடியாது. பேனையைப் பிடிக்கவே கஷ்டமாக இருக்கிறது. கயிறு உரஞ்சி உள்ளங்கை இரண்டும் சிவந்து, ஒரு இடத்தில் தோலும் போய்விட்டது. நோகிறது, உசாந்தி. நல்லாய் நோகிறது.

உன் அத்தான்
சீனித்தம்பி